கேட்டுவிட்டுக் காத்திரு

(வேதபாடம். முதலில் வாசிக்க: ஆபகூக் 1, 2, 3 அதிகாரங்கள், யோபு 2 மற்றும் 42, 1 இராஜாக்கள் 19, லூக்கா 1)



இந்த மாதம் உங்களோடு தியானிக்கப்போகிற பாடத்தை நான் பிரசங்க பீடத்தில் நின்று கற்றுக்கொள்ளவில்லை. ஒரு விதவைத் தாயாருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு ஊழியக்காரன் செய்த தவறு இன்னொரு ஊழியக்காரனுக்கு எச்சரிப்பாகும் என்றால், எழுதாமல் இருப்பது சரியல்ல.

நான் செய்த தவறு

சில வருஷங்களுக்கு முன் அரியலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடத்தி வந்தேன். அந்தப் பக்கத்துச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவு பகலாய் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு லாரி மோதி நம் ஜெபக்கூட்டத்துச் சகோதரர் ஒருவர் மரித்துப்போனார். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். அடக்க ஆராதனை முடிந்து மூன்றாவது மாதம், சாட்சி நேரத்தில் அவருடைய மனைவி எழுந்து நின்றார்கள்.

“ஐயா, நான் சாட்சி சொல்ல எந்திரிக்கல. ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் காலையிலகூட ரெண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபிச்சுட்டுத்தான் அவரு வண்டிய எடுத்தாரு. தேவதூதருங்க காப்பாங்கன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. ஏங்கய்யா காக்கல?”

கூடத்தில் யாரும் அசையவில்லை. பின்னாலிருந்து ஒருவர், “என்ன மறைவான பாவமோ” என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் அவரைக் கண்டிக்கவில்லை. அந்தச் சகோதரியைத்தான் பார்த்துச் சொன்னேன்: “சகோதரி, தேவனைக் கேள்வி கேக்கக்கூடாது. அது அவிசுவாசம். வாயைத் திறந்து ஸ்தோத்திரம் சொல்லுங்க, பாரம் இறங்கும்.” சொல்லிவிட்டு உடனே ஒரு பாட்டைத் தொடங்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் வந்தார்கள். ஆனால் பாடவில்லை, ஜெபிக்கவில்லை, சாட்சி சொல்லவில்லை. சுவரோரமாய் அமைதியாய் உட்கார்ந்திருப்பார்கள். நான் வீட்டில் சொன்னேன்: “பாத்தியா, தேவ சமாதானம் வந்துடுச்சு. எவ்வளவு அமைதலா இருக்காங்க!” என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “என்னங்க, அது சமாதானமில்லங்க. அந்த அக்கா உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்காங்க” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை.

சாத்தனூர் கல்மரம்

அந்தக் கோடை விடுமுறையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்கு அழைத்துப் போனோம். அங்கே கல்லாய்ப்போன மரம் ஒன்று கிடக்கிறது. சுமார் 18 மீட்டர் நீளம். 1940-ம் ஆண்டு எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் அதைக் கண்டறிந்தார். இந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலாய் இருந்தது என்றும், அந்த மரம் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றும் நிலவியலார் கணக்கிடுகிறார்கள். மரம் மண்ணுக்குள் புதைந்து, மரச்சத்து இருந்த இடத்தில் கொஞ்சங்கொஞ்சமாய்க் கனிமச்சத்து ஏறி, கடைசியில் முழுவதும் கல்லாய்விட்டது. பார்வைக்கு மரம். தொட்டால் கல்.

ஒரு சிறுமி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ஐயா, இதுக்கு வலிக்குமா?” நான் சிரித்துக்கொண்டே, “வலிக்காது கண்ணு, இது கல்லாப் போச்சு” என்றேன். சொன்ன மாத்திரத்தில் ஆவியானவர் என் இருதயத்தில் குத்தினார். சுவரோரமாய் உட்கார்ந்திருக்கிற அந்தச் சகோதரி என் கண்முன் வந்தார்கள். கேள்வியை மண்ணுக்குள் புதைத்தால் கிடைப்பது சமாதானம் அல்ல. அது கல்மரத்தின் அமைதி. அதைச் செய்தவன் நான்.

ஆகவே இரண்டு காரியங்களை வேதத்தில் தேட ஆரம்பித்தேன். தேவனை அறிய வழி எது? வாய்மூடி அமர்ந்திருப்பதா, கேள்வி கேட்பதா?

1. நம் மண்ணில் மௌனம்

மௌனம் நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூரில் உள்ள கோவிலோடு சதாசிவ பிரம்மேந்திரர் என்ற துறவியின் பெயரைச் சேர்த்துச் சொல்லுவார்கள். அவர் முதலில் தர்க்கத்தில் யாரையும் மடக்கிவிடுகிற வல்லவராம். “உன் வாய் எப்போதுதான் அடங்கும்?” என்று குரு கேட்ட ஒரு கேள்வியில் அன்றே வாய்மூடி, கடைசிவரை பேசாமலே இருந்தார் என்பது வழிவழியாய்ச் சொல்லப்படுகிற வரலாறு. அவருடைய சமாதி கரூர் அருகே நெரூரில் இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த தாயுமானவருக்கும் மௌனகுரு என்றே அழைக்கப்பட்ட ஒருவர் குருவாய் வாய்த்தார்.

திருவண்ணாமலை ரமணரைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1896-ல் பதினாறு வயதில் அங்கே வந்து, நெடுங்காலம் பேசாமலிருந்தார். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் அவரிடம் போய்க் கேள்விமேல் கேள்வியாய்க் கேட்டார். ரமணர் வாய் திறக்கவில்லை. ஆனால் பதில்களை எழுதிக் காட்டினார். அந்தக் கேள்வி பதில்கள் 1923-ல் ‘நான் யார்?’ என்று அச்சாயின.

அவர்களுடைய மார்க்கம் வேறு, நம்முடைய விசுவாசம் வேறு. அவர்கள் தன்னை அறிய உள்ளே திரும்பினார்கள். நாம் நம்மை உண்டாக்கினவருடைய முகத்திற்கு முன்பாக அமருகிறோம். அந்த வித்தியாசத்தை நான் மறைக்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பேசாமலிருந்த அந்த மனிதர்கூட, கேள்வியோடு வந்தவரைத் துரத்தவில்லை. எழுதியாவது பதில் கொடுத்தார். பேசிக்கொண்டே இருக்கிற நானோ, ஒரே ஒரு கேள்வியோடு வந்த சகோதரியை வாயடைத்தேன். இதை நினைத்தபோது என் தலை குனிந்தது.

2. பெந்தெகொஸ்தே நாளில் நடந்தது என்ன?

சத்தம் இருந்தால்தான் அபிஷேகம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தில் பலத்த காற்றின் முழக்கம் உண்டு, அக்கினி உண்டு, பாஷைகள் உண்டு. அல்லேலூயா! நானும் அதை விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த அதிகாரத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள்.

முன்னால் காத்திருப்பு இருக்கிறது. ஆண்டவர் உயிர்த்தெழுந்து நாற்பது நாளளவும் சீஷருக்குத் தரிசனமானார். பெந்தெகொஸ்தே ஐம்பதாம் நாள். நடுவில் ஏறக்குறைய பத்து நாள், எப்போது வரும், எப்படி வரும் என்று தெரியாமல் ஜெபத்தில் தரித்திருந்தார்கள். பின்னால் கேள்வி இருக்கிறது. இதற்கு அர்த்தம் என்ன என்று ஜனங்கள் கேட்டார்கள் (2:12). பேதுரு பேசி முடித்தபின், நாங்கள் செய்யவேண்டியது என்ன என்று இருதயத்தில் குத்தப்பட்டுக் கேட்டார்கள் (2:37). பேதுரு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தக் கேள்வியின் வாசல் வழியாகத்தான் அன்று மூவாயிரம் பேர் சபைக்குள் வந்தார்கள்.

காத்திருப்பையும் கேள்வியையும் வெட்டியெறிந்துவிட்டு நடுவிலுள்ள சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டால், அது பாதிப் பெந்தெகொஸ்தே.

3. கேள்விகள் எல்லாம் ஒன்றல்ல

லூக்கா முதல் அதிகாரத்தில் ஒரே தூதனிடம் இரண்டு பேர் கேள்வி கேட்கிறார்கள். சகரியா, இதை எதினால் அறிவேன் என்று கேட்டான். ஊமையானான். மரியாள், இது எப்படியாகும் என்று கேட்டாள். பதில் பெற்றாள். சகரியா நம்புவதற்கு முன் அத்தாட்சி கேட்டான். மரியாளோ ஒப்புக்கொடுப்பதற்கு வழி கேட்டாள்.

ஆனால் சகரியாவைத் தேவன் தள்ளிவிட்டார் என்று நினைக்காதேயுங்கள். அந்த மாதங்களில் வாக்கு அவன் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. வாய் திறந்தபோது முதலில் வந்தது ஸ்தோத்திரம் (1:64). அவனும் ஆவியினால் நிரப்பப்பட்டான் (1:67). மரியாளுக்குப் பதில் கொடுத்த தேவனே சகரியாவுக்கு மௌனத்தைக் கொடுத்தார். இரண்டும் கிருபைதான்.

கேட்கிறவன் தன்னை விட்டுவிட்டுக் கேட்கிற கேள்வியும் உண்டு. நம் அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் ஊழியம் செய்த வீரமாமுனிவர் பரமார்த்த குரு கதையை எழுதினார். ஆற்றைக் கடந்தவர்கள் எத்தனை பேர் கரையேறினோம் என்று எண்ணுவார்கள். எண்ணுகிற ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். ஒருத்தனை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லோரும் அழுவார்கள்! அந்தச் சகோதரர் ஏன் மரித்தார், அவர் வீட்டில் என்ன பாவம் என்று நாங்கள் எண்ணினோமே, அப்போது எங்களை விட்டுவிட்டுத்தான் எண்ணினோம். ஏதேனில் மனுஷனை நோக்கித் தேவன் கேட்ட முதல் கேள்வி, அவன் எங்கே இருக்கிறான் என்பதுதான் (ஆதியாகமம் 3:9).

சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று ஆண்டவர் தெளிவாய்ச் சொல்லி, நின்றுகொண்டிருந்தவர்களை மனந்திரும்ப அழைத்தார் (லூக்கா 13:4, 5). நம்முடைய பெரியவர்கள் 1956 நவம்பர் 23-ஐ மறக்கமாட்டார்கள். வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அதன் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு பதவி விலகினார். செத்தவன் என்ன தப்புச் செய்தான் என்று கேட்பது சுலபம். என் பங்கு என்ன என்று கேட்பதுதான் கடினம்.

4. நான் யோபு அல்ல, யோபின் சிநேகிதன்

யோபின் மூன்று சிநேகிதரும் ஏழு நாள் இராப்பகல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை (யோபு 2:13). அந்தப் புஸ்தகம் முழுவதிலும் அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். எட்டாம் நாள் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள், எல்லாம் கெட்டது.

முடிவில் கர்த்தர் யார்மேல் கோபங்கொண்டார்? இத்தனை கேள்வி கேட்ட யோபின்மேல் அல்ல. பதில் வைத்திருந்தவர்கள்மேல் (42:7). யோபும் தன் கையினால் வாயைப் பொத்திக்கொண்டான், உண்மைதான் (40:4). ஆனால் சிநேகிதர் சொல்லி அவன் பொத்தவில்லை. கர்த்தர் வந்து பேசின பிறகு பொத்தினான். தேவன் வந்து உண்டாக்குகிற மௌனம் வேறு. ஊழியக்காரன் அதட்டி உண்டாக்குகிற மௌனம் வேறு.

எலியாவின் காரியத்தையும் பாருங்கள். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் ஓய்ந்தபின் மெல்லிய சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கொண்டுவந்தது ஒரு கேள்வி! இங்கே உனக்கு என்ன வேலை என்று கர்த்தர் அவனைக் கேட்டார் (1 இராஜாக்கள் 19:13). அமர்ந்திருக்கிறவனுக்குத்தான் தேவனுடைய கேள்வி கேட்கும்.

தேவ பிள்ளைகளே, நம்முடைய தமிழ்ப் பாஷையை யோசித்துப்பாருங்கள். வினவுவதற்கும் ‘கேள்’ என்கிறோம். காதுகொடுப்பதற்கும் ‘கேள்’ என்கிறோம். திருக்குறளில் 42-ம் அதிகாரத்துக்குப் பெயர் ‘கேள்வி’. ஆனால் அது வினா எழுப்புவதைப் பற்றினது அல்ல, செவிகொடுத்துக் கேட்பதைப் பற்றினது. ஒரே வார்த்தைக்குள் இரண்டும் இருக்கிறது. நாம்தான் இரண்டாய்ப் பிரித்துச் சண்டைமூட்டிவிட்டோம்.

5. ஆபகூக் காட்டிய படிகள்

ஆபகூக் தீர்க்கதரிசி இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறான். மூன்றே அதிகாரம், நான்கு படிகள்.

முதல் படி, கேட்டான். எதுவரைக்கும், ஏன் என்று நேராகத் தேவனிடத்தில் கேட்டான் (1:2, 3). அக்கம்பக்கத்தில் முறுமுறுக்கவில்லை. நீங்களும் உங்கள் கேள்வியை ஒரு நோட்டில் எழுதுங்கள். அழகாய் எழுத வேண்டாம். உள்ளபடி எழுதுங்கள்.

இரண்டாம் படி, காவலிலே நின்றான் (2:1). கேட்டவுடன் எழுந்து போய்விடவில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். ரேடியோ, டிவி, செல்போன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு சங்கீதத்தை மெதுவாய் வாசித்து, அப்படியே அமர்ந்திருங்கள். மனதை வெறுமையாக்கச் சொல்லவில்லை. நாம் ஒருவருக்கு முன்பாக அமருகிறோம். நினைவு ஓடினால் மறுபடி அவரிடத்தில் கொண்டுவாருங்கள்.

மூன்றாம் படி, மௌனமானான். கர்த்தர் தம்முடைய ஆலயத்தில் இருக்கிறார் என்று கண்டபோது பூமியெல்லாம் அவர் முன்பாக அடங்கவேண்டும் என்றான் (2:20). கேள்வி முடிந்ததால் அல்ல, அவர் அங்கே இருப்பதைக் கண்டதால் அடங்கினான். இந்த நேரத்தில் உள்ளத்தில் எழும்புகிறதையெல்லாம் கர்த்தர் சொன்னார் என்று உடனே அறிவித்துவிடாதேயுங்கள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுகிறது வேதம் (1 தெசலோனிக்கேயர் 5:21). வசனத்தோடு ஒத்துப்பாருங்கள். முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் சொல்லிப்பாருங்கள்.

நான்காம் படி, பாடினான். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்றான் (3:17, 18). நம் பெரம்பலூர்ப் பக்கத்துக்குச் சொன்னால், மக்காச்சோளம் கருகினாலும், பருத்தி காய் பிடிக்காவிட்டாலும், சின்ன வெங்காயம் பட்டறையிலேயே அழுகிப்போனாலும் என்று அர்த்தம். பாட்டு நான்காம் படியில் இருக்கிறது. நான் அந்தச் சகோதரியை முதல் படியில் ஏறவிடாமல் நேரே நான்காம் படிக்கு இழுத்தேன். அதனால்தான் விழுந்தார்கள்.

திண்ணையில் நடந்தது

சாத்தனூரிலிருந்து வந்த மறுநாள் நானும் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். “அம்மா, அன்னைக்கு உங்கள வாயடைச்சது என் தப்பு. மன்னிச்சிடுங்க. அந்தக் கேள்விய இப்ப கேளுங்க. என்கிட்ட இல்ல, அவர்கிட்டயே கேளுங்க. நாங்க கூட இருக்கோம்” என்றேன்.

வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு திண்ணைத் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்கள். இங்கே எழுதத் தகாத வார்த்தைகளும் இருந்தன. அழுதார்கள். என் மனைவி அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாலைந்து வசனங்கள் நாக்கு நுனிவரை வந்தன. கர்த்தருடைய கிருபையால் விழுங்கிக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் அவர்கள் உடம்பு நடுங்கினது. அதை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன். அத்தனை மாதமும் வெள்ளிக்கிழமை தோறும் நடுங்கியிருப்பார்கள், என் பாட்டுச் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை.

எழுந்து புறப்படும்போது சொன்னார்கள்: “ஐயா, பதில் ஒண்ணும் வரல. ஆனா கேட்டுட்டேன். அவரும் கேட்டாரு. அது தெரிஞ்சுது.”

பிரியமானவர்களே, அற்புதம் நடந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஆனால் கல் மறுபடி மரமானதை நான் பார்த்தேன். அடுத்த சில வாரங்களில் ஜெபத்தில் வாய் திறந்தார்கள். முதலில் அழுகைதான் வந்தது. பாட்டு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. இன்றைக்கு எங்கள் பகுதியில் மரணம் நடந்த வீட்டுக்கு முதலில் போகிறவர்கள் அவர்கள்தான். போய் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுவார்கள்.

வீட்டு ஜெபக்குழுவில் கலந்து பேச

1. என் உள்ளத்தில் புதைத்து வைத்திருக்கிற கேள்வி எது? அதைத் தேவனிடத்தில் கேட்டிருக்கிறேனா, மனுஷரிடத்தில் மட்டும் முறுமுறுத்திருக்கிறேனா?

2. என் அமைதி தேவ சமுகத்தில் உண்டான அமைதியா, பயத்தினால் உண்டானதா?

3. நான் யாரையாவது வாயடைத்திருக்கிறேனா? இந்த வாரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போக ஆயத்தமா?

ஜெபம்

எங்கள் பரம பிதாவே, எங்கள் கேள்விகளுக்கு நீர் அஞ்சுகிறவர் அல்ல என்பதற்காக உமக்கு ஸ்தோத்திரம். உள்ளதை உள்ளபடி உம்மிடம் கேட்க எங்களுக்குத் தைரியம் தாரும். கேட்டபின் எழுந்து ஓடாமல் காத்திருக்கப் பொறுமை தாரும். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் நாங்கள் அவசரப்பட்டுப் பேசின வார்த்தைகளை மன்னியும். எங்கள் சபைகளில் சத்தம் இருக்கட்டும், செவியும் இருக்கட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.